முதலில் வயர், பிறகுதான் ரவுட்டர்



இந்த மாதம் பழைய கணினியைப் பற்றிப் பேசுவோம். உங்கள் வீட்டில் ஒன்று இல்லாவிட்டால் அம்மம்மா வீட்டில் இருக்கும். அங்கேயும் இல்லாவிட்டால் சபையில் உங்களுக்கு முன் வரிசையில் இருக்கும் அன்ரி வீட்டில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்ரொப்பாக இருக்கலாம். பிள்ளைகள் படிப்பு முடித்துப் போகும்போது மேசையில் விட்டுப்போன லப்ரொப்பாக இருக்கலாம். பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் ஆராதனையில் கலந்துகொள்வது அதில்தான். ஊரில் இருக்கும் சகோதரியின் முகத்தைப் பார்ப்பதும், டொக்டரோடு வீடியோவில் பேசுவதும், குடிவரவுப் படிவங்களைத் திறப்பதும் அதில்தான். அது ஒரு நாள் "இன்ரநெற் இல்லை" என்று நின்றுவிட்டால், போன் உங்களுக்குத்தான் வரும்.

அந்த நேரத்தில் பலர் சொல்லும் பதில், "அது பழசு அம்மம்மா, எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ" என்பது. ஓய்வூதியக் காசில் வாடகை கட்டி வாழ்கிற ஒருவருக்கு அது பதில் ஆகாது. 2016 டிசெம்பரில் கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையமான சி.ஆர்.ரி.சி. அதிவேக இணையத்தை ஓர் அடிப்படைச் சேவை என்று அறிவித்தது. தண்ணீர், மின்சாரம் போல இதுவும் வீட்டுக்கு வேண்டியது என்று நாடே ஒத்துக்கொண்டபின், வயதானவர் ஒருவர் மூன்று வாரம் இணையம் இல்லாமல் இருப்பதை நாம் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது.

பழைய கணினியில் இணையம் நின்றால், அதன் காரணம் பெரும்பாலும் சிறியது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், ஒழுங்கு வேண்டும். கிட்ட இருப்பதிலிருந்து தூர இருப்பதற்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுமுன் பழையதைக் குறித்து வைக்க வேண்டும்.

எங்கள் தாதி வேலையிலும் இதே ஒழுங்குதான். மொனிற்றரில் கோடு நேராகப் போய் மணி அடித்தால் நாங்கள் முதலில் பார்ப்பது மெஷினை அல்ல, கட்டிலில் இருக்கும் ஆளை. அவர் எழுந்திருந்து ரீ குடித்துக்கொண்டிருந்தால், நெஞ்சில் ஒட்டிய வயர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பொத்தானையும் அழுத்திக்கொண்டு நிற்பவர் அந்த வயரைக் காண மாட்டார்.

நாமானை நினைத்துப் பாருங்கள். குஷ்டரோகத்தோடு எலிசாவின் வாசலில் வந்து நின்ற அந்தப் படைத்தலைவன், தீர்க்கதரிசி ஏதோ பெரிய காரியம் செய்வார் என்று எதிர்பார்த்தான். யோர்தானில் ஏழு தரம் முழுகு என்ற சொல் வந்ததும் கோபித்துக்கொண்டு திரும்பினான். சொன்னது கடினமானதல்ல, மிகவும் சுலபமானது. அதுதான் அவனுக்கு இடறல். கடைசியில் பணிவோடு எடுத்துச் சொல்லி அவனை ஆற்றுக்கு அனுப்பியவர்கள் அவனுடைய வேலைக்காரர். வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் என்று சொன்னால் எங்களுக்கும் அதே இடறல் வருகிறது.

முதலாவது கேள்வி: யாருக்கு இல்லை?

கணினியைத் தொடுமுன் வீட்டில் உள்ள போனை எடுங்கள். அதை வீட்டு வைஃபையில் வைத்து ஒரு பக்கத்தைத் திறவுங்கள். போனில் வருகிறது, கணினியில் வரவில்லை என்றால் பிழை கணினிப் பக்கம். இரண்டிலும் இல்லை என்றால் கணினியை விட்டுவிட்டு மோடத்துக்கும் ரவுட்டருக்கும் போங்கள். பக்கத்து வீட்டிலும் இல்லை என்றால் பிழை உங்கள் வீட்டிலேயே இல்லை.

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ரொஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. 1 கோடி 20 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைகளில் டெபிற் காட் வேலை செய்யவில்லை. பலருக்கு 911 கூடக் கிடைக்கவில்லை. காரணம், ரவுட்டரில் ஒரு செற்றிங். மைய வலையமைப்பைப் புதுப்பிக்கும்போது ஒரு வடிகட்டி அகற்றப்பட்டது. அதனால் தாங்க முடியாத அளவு வழித்தகவல்கள் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்து, அவை செயலிழந்தன. திருத்த வேண்டிய ஊழியர்கள் உள்ளே போகும் வழியும் அதே வலையமைப்பில் தங்கியிருந்ததால் அவர்களும் தடுமாறினார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் வீட்டு ரவுட்டரைத் தோண்டினால், ஒழுங்காக இருந்ததையும் கெடுத்து வைத்ததுதான் மிச்சமாக இருக்கும். ஆகவே முதலில் கேளுங்கள்: எங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

இரண்டாவது: நிற்பாட்டித் தொடங்குதல்

மோடத்தின் மின்வயரைக் கழற்றுங்கள். ரவுட்டர் தனிப் பெட்டியாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். முதலில் மோடத்தை மாட்டி, அதன் விளக்குகள் நிலைத்தபின் ரவுட்டரை மாட்டுங்கள். கணினியைக் கடைசியாகத் தொடக்குங்கள். ஒழுங்கு மாறினால் ரவுட்டர் எழும்பும் நேரத்தில் மோடம் தயாராக இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதை அழுத்திப் பிடிப்பது மறுதொடக்கம் அல்ல. அது எல்லாச் செற்றிங்கையும் அழித்து, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், சில வீடுகளில் கம்பனி கொடுத்த இணைப்புப் பெயர் எல்லாம் போய்விடும். அது கடைசி வழி. முதல் வழி அல்ல.

மூன்றாவது: வயரும் விளக்கும்

கணினியின் பின்னால் கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். கேபிளின் இரண்டு முனையும் சரியாக இருந்தால் அது எரியும் அல்லது மினுங்கும். எரியவில்லையா? கேபிளின் நுனியில் உள்ள பிளாஸ்ரிக் நாக்கு உடைந்திருக்கலாம். அது உடைந்தால் கேபிள் மாட்டியது போலத் தெரியும், ஆனால் கதிரையைத் தள்ளும்போது மெல்லக் கழன்றுவிடும். வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் ரவுட்டரின் வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். மூன்று விளக்கும் இருண்டே இருந்தால்தான் நெற்வேர்க் காட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பழைய காட்டின் வேகம் போதாது என்று நினைக்க வேண்டாம். பழைய கணினிகளில் 100 மெகாபிற் காட் இருக்கும். தெளிவான வீடியோவுக்கு 5 மெகாபிற் அளவே போதும். அம்மம்மாவின் ஆராதனைக்கு அந்தக் காட் தாராளம். முடிந்த இடத்தில் வைஃபையை விட்டு, ரவுட்டரிலிருந்து நேராக ஒரு கேபிள் போட்டுக் கொடுங்கள். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மிக மலிவான உதவி அதுதான். கேபிளை நடைபாதைக்குக் குறுக்கே விடாமல் சுவரோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். கணினியைத் திருத்தப் போய் இடுப்பெலும்பை உடைக்க வைக்கக் கூடாது.

நான்காவது: நெற்வேர்க் காட்

விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறவுங்கள். அங்கே நெற்வேர்க் அடப்ரர்கள் என்ற வரிசையின் கீழ் காட்டின் பெயர் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் காட் நிற்பாட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் வலப்பக்கம் அழுத்தி இயக்கிவிட்டால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால், காட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் குறை. அதைக் கணினி தயாரித்த கம்பனியின் பக்கத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கி, யூ.எஸ்.பி. குச்சியில் கொண்டுவந்து போடலாம். பெயரே இல்லை என்றால் காட் இறந்திருக்கலாம். அப்போதும் கணினியை எறிய வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. துளையில் செருகும் சின்ன வைஃபை அடப்ரர் ஒன்று அந்த வேலையைச் செய்யும்.

லப்ரொப் என்றால் இன்னொன்று. பழைய லப்ரொப்புகளின் முன் விளிம்பிலோ பக்கத்திலோ வைஃபைக்கென்று ஒரு சின்ன சுவிச் இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது அது தட்டுப்பட்டு அணைந்துவிடும். டிரைவரைத் தேடி ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுமுன் அந்த விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்.

ஐந்தாவது: முகவரி

காட் சரி, கேபிள் சரி, ஆனாலும் இணையம் இல்லை. இப்போது கணினிக்கு முகவரி கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். தேடும் பெட்டியில் சி, எம், டி என்று அடித்துக் கறுப்புத் திரையைத் திறவுங்கள். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளி விடாமல் அடியுங்கள். பல வரிகள் வரும். ஐ.பி.வி. 4 முகவரி என்ற வரியை மட்டும் பாருங்கள்.

அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரைக் கேட்டுப் பதில் கிடைக்காமல் கணினி தானே தனக்கு ஓர் இலக்கம் போட்டுக்கொண்டது. அப்படியென்றால் வயரையும் ரவுட்டரையும் திரும்பப் பாருங்கள்.

பழைய கணினிகளில் அடிக்கடி இருக்கும் சிக்கல் இன்னொன்று. எப்போதோ யாரோ கணினிக்கு நிலையான முகவரி ஒன்றைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். பிறகு கம்பனி மாறி, புது ரவுட்டர் வந்திருக்கும். இதைச் சென் ஜேம்ஸ் ரவுண் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. வேறு கட்டடத்துக்குக் குடிபோன பிறகும் பழைய கட்டடத்தின் கதவிலக்கத்தைச் சொல்லிக்கொண்டு நின்றால் கடிதம் வருமா? நெற்வேர்க் செற்றிங்ஸில் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள். முன்பு இருந்த இலக்கத்தைக் குறித்து வைத்துவிட்டே மாற்றுங்கள்.

முகவரியும் சரி, ஆனால் ஒவ்வொரு பக்கமும் "பாதுகாப்பானது அல்ல" என்று திறக்க மறுக்கிறதா? திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். 2009 என்றோ 2012 என்றோ காட்டினால் விஷயம் விளங்கிவிடும். கணினிக்குள் ஐந்து சத நாணயம் போன்ற வட்டமான ஒரு பற்றரி இருக்கிறது, பெரும்பாலும் சி.ஆர். 2032. கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காப்பது அதுதான். அது தீர்ந்தால் திகதி பின்னால் போய்விடும். இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினி தவறான வருடத்தில் இருந்தால் நல்ல சான்றிதழையும் நம்பாது. திகதியைத் திருத்துங்கள், பிறகு சில டொலருக்குக் கிடைக்கும் அந்தப் பற்றரியை மாற்றுங்கள். பற்றரியைத் திறக்குமுன் மின்வயரைக் கழற்ற மறக்க வேண்டாம். கழற்றிய பற்றரியைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் அது உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் சுட்டுத் துளைத்துவிடும். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம்.

ஆறாவது: ரவுட்டர் செற்றிங்ஸ்

இவ்வளவும் பார்த்தபின்தான் ரவுட்டரின் உள்ளே போக வேண்டும். அதன் முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1.

எங்கள் இடத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1960களில் எழும்பிய சென் ஜேம்ஸ் ரவுண் கனடாவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் ஒன்று. 1980களிலும் 90களிலும் இலங்கையிலிருந்து வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் வீடு இந்த மாடிகளில்தான். ஷேர்போனுக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் இடையில் ஒரு மாடியில் நின்று வைஃபைப் பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் வரிசையாக வரும். பழைய கணினிகளில் பல, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டும் அறிந்தவை. அந்த அலையில் கனடாவில் 11 சனல்கள் உண்டு. ஆனால் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. அத்தனை வீடும் இந்த மூன்று பாதைக்குள் நெருக்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில்தான் வேலை செய்கிறது. சாப்பாடு சூடாக்கும்போது பிரசங்கம் நின்று நின்று வருவதன் காரணம் இதுவாக இருக்கலாம். 2.4க்கான சனலை 1, 6, 11இல் கூட்டம் குறைந்த ஒன்றாகவும், சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸாகவும் வையுங்கள். ரவுட்டரை அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் ஒளிக்க வேண்டாம். 5 கிகாஹேர்ட்ஸ் அலையில் நெருக்கடி குறைவு, ஆனால் கொங்கிறீற் சுவரைக் கடக்க அதற்கு வலு குறைவு.

புது ரவுட்டர் வந்த அன்றே பழைய லப்ரொப் நின்றுவிட்டது என்றால், பூட்டைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ. 3 என்ற புதிய பூட்டு 2018இல் வந்தது. அதற்கு முன் செய்த பல காட்டுகளுக்கு அதைத் திறக்கத் தெரியாது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் "இணைக்க முடியவில்லை" என்றே வரும். அதற்காக வீடு முழுவதற்கும் பூட்டை இறக்க வேண்டியதில்லை. பல ரவுட்டர்களில் விருந்தினர் வலையமைப்பு என்று ஒன்று உண்டு. அதை 2.4 அலையில், டபிள்யூ.பி.ஏ. 2 பூட்டோடு, பழைய கணினிக்கென்று திறந்து கொடுங்கள். மற்றப் போன்கள் புதிய பூட்டிலேயே இருக்கட்டும். ஆனால் டபிள்யூ.ஈ.பி. என்ற மிகப் பழைய பூட்டுக்குப் போக வேண்டாம். அது 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. பூட்டே இல்லாமல் விடவும் வேண்டாம். ரவுட்டரின் உட்கதவுக்குத் தொழிற்சாலை போட்ட பாஸ்வேர்ட் இன்னும் இருந்தால் மாற்றுங்கள்.

இணையம் வந்தபின்

கணினி உயிர்த்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றுக்கும் அது பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்தன. ஆதரவு முடிந்த கணினியில் ஆராதனை பார்க்கலாம். வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். ஆர்வமுள்ளவர்கள் இலவசமான லினக்ஸ் மின்ற் போன்ற ஒன்றை அதில் போட்டுக் கொடுக்கலாம். இடைக்காலத்தில் அவசரத் தேவைக்கு ஷேர்போன் வீதியில் எங்கள் நூலகக் கிளை இருக்கிறது. அங்கே கணினியை இலவசமாகப் பாவிக்கலாம். "மைக்ரோசொஃப்ற்றிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ்" என்று வரும் போன் அழைப்பு பொய் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அப்படி அவர்கள் தாமாக யாருக்கும் போன் எடுப்பதில்லை.

தம்பி தங்கைமாரே, இன்னொரு காரியம் இருக்கிறது. இதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. கணினியைத் திருத்த ஒருவர் உங்களை உள்ளே விடும்போது, தன் கடிதங்களையும் படங்களையும் வங்கி விபரங்களையும் உங்கள் முன் திறந்து வைக்கிறார். அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள். "இதைத் திறக்கட்டா அன்ரி?" என்று கேட்டுத் திறவுங்கள். பாஸ்வேர்டை அவரே அடிக்கட்டும். தாதிமார் திரையை இழுத்து மூடிவிட்டு நோயாளியைத் தொடுவது போல, மற்றவருடைய மானத்தைக் காப்பதும் வேலையின் ஒரு பகுதி.

வேகமாகச் செய்துவிட்டு ஓடிவரவும் வேண்டாம். நாம் மட்டும் அறிந்த திருத்தம், அவரை இன்னும் கூடுதலாக நம்மில் தங்க வைக்கும். ஒரு கொப்பியை எடுத்துத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: எந்தப் பெட்டி மோடம், எந்தப் பெட்டி ரவுட்டர், எதை முதலில் கழற்றுவது, எதை முதலில் மாட்டுவது, எந்த விளக்கு எரிய வேண்டும், இன்று என்ன மாற்றினோம். வைஃபை பாஸ்வேர்டை அதே கொப்பியில் எழுதி லாச்சியில் வையுங்கள். பிறகு நீங்கள் கை கட்டி நில்லுங்கள். அவர் ஒரு தரம் கழற்றி மாட்டட்டும். மெதுவாகத்தான் செய்வார். பொறுங்கள். சின்ன வயதில் உங்களுக்குச் சப்பாத்து நாடா கட்டப் பழக்கியவர்கள் அவர்கள்தான்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன் ஒரு வேலை தருகிறோம். சபையில் தனியாக வாழும் மூத்தவர் ஒருவருக்குப் போன் எடுத்து, "உங்கட கொம்பியூட்டர் ஒழுங்கா வேலை செய்யுதோ?" என்று கேளுங்கள். "ஓம்" என்று சொன்னாலும் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு வையுங்கள். "இல்லை" என்று சொன்னால் ஒரு நல்ல கேபிளும் ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டு, இருவர் இருவராகப் போங்கள்.

சிறிய காரியத்தில் உண்மையாயிருக்கக் கர்த்தர் உங்களுக்குப் பொறுமையும் கவனமும் தருவாராக.